கார்பூத் தீவும் சென்னைக் கவர்னரும்

சில வருஷங்களுக்கு முன்பு, சரித்திர வகுப்பில் சென்னை மாகாணத்தை ஆண்ட கவர்னர்களைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஸர் தாமஸ் மன்றோவைப் பற்றிச் சொல்லி முடித்து, அவருக்குப் பின் வந்தவர்களின் பெயர்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினோம். கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"ஸார்! இவர்களெல்லாம் இங்கே வருவதற்கு முன்னால் எங்கே இருந்தார்கள்?" என்று கேட்டான்.

"நாளைக்குச் சொல்கிறேன், உட்கார்" என்றோம். உபாத்தியாயர் இவ்விதம் சொன்னால் அவருக்கு விடை தெரியவில்லை என்று அர்த்தம் என்பதை மாணவர்கள் நன்றாக அறிவார்கள். பையன் புன்னகை செய்துகொண்டே உட்கார்ந்தான்.

அன்று இரவு புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தபோது நமக்கே வியப்பாக இருந்தது. 1832 முதல் 1837 வரையில் சென்னைக் கவர்னராக இருந்த ஸர் பிரடெரிக் ஆடம், அதற்கு முன் எட்டு ஆண்டுகள் கார்பூ என்னும் கிரேக்கத் தீவு நகரில் அதிகாரம் செலுத்தியவர். 1860-ம் ஆண்டில் சென்னைக்குக் கவர்னராக வந்து, சில வாரங்களுக்குள் காலராவினால் இங்கேயே காலமான ஸர் ஹென்றி வார்டும் முன்பு அதே நகரில் அதே பதவியில் இருந்தவர். இடையில் இலங்கையையும் ஆண்டவர். இலங்கையின் முதல் பிரிட்டிஷ் கவர்னர் பிரடெரிக் நார்த், அவருக்குப் பின் வந்த ஸர் தாமஸ் மெயிட்லண்டு ஆகிய இருவரும் பிற்காலத்தில் கார்பூவுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள். ஒரே சாமானை வெவ்வேறு கிடங்குகளுக்கு மாற்றுவது போல், பிரிட்டிஷ் சர்க்கார் இந்தத் துரைமார்களை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தது.

நம்மையும் அவர்களையும் ஆண்டவர்கள் ஒரே ஆசாமிகள் என்று தெரிந்த பின்பு, அந்த ஊரை ஒரு முறை கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது. பள்ளி உபாத்தியாயரின் ஆசை நிறைவேறச் சிறிது காலம் பிடிக்கும் அல்லவா? சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, ஒரு வசந்த காலத்தில் இல்லாளுடன் புறப்பட்டுப் போய்ப் பார்த்து வந்தோம். அங்கே போக எண்ணும் நேயர்களுக்கும், வீட்டிலிருந்தபடியே பார்க்க விரும்பும் நேயர்களுக்கும் கண்டதைச் சொல்லுகிறோம்.

கடலிலிருந்து பார்வை

கிரீஸ் தேசத்தின் மேற்குக் கரைக்கு அப்பால், அல்பேனியாவுக்கு எதிரில், ஐயோனியக் கடலில் இருக்கிறது கார்பூ. கிரேக்கர்கள் தங்கள் வாயால் அதைக் 'கெர்கிரா' என்றே சொல்லுகிறார்கள். ஏதென்ஸிலிருந்து விமானத்தில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணம். ஆனால் நேயர்கள் இகுமெனிட்ஸா துறைமுகத்துக்குத் தரை மார்க்கமாக வந்து, அங்கிருந்து கப்பலில் போவதே நல்லது என்பது நம் அபிப்பிராயம். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று ஏறக்குறையக் கடலில் போகிறோம். முதலில் நீலமாக மலைகள். பிறகு பச்சைப் பசேலென்று ஒலிவ மரத் தோப்புகள். கடைசியில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இரட்டைப் பாறையின் மேல் பழைய கோட்டை. கிரேக்க பாஷையில் சிகரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்தே, இந்த இரண்டு சிகரங்களை முன்னிட்டுக் கார்பூ என்ற பெயர் வந்ததென்று சொல்லுகிறார்கள்.

இந்த ஊரின் சரித்திரத்தை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். வெனிஸ் நகரத்தார் 1386 முதல் 1797 வரையில் நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர் வந்தார்கள். அவர்களை ருஷ்யரும் துருக்கியரும் சேர்ந்து விரட்டினார்கள். மறுபடியும் பிரெஞ்சுக்காரர் வந்தார்கள். 1815-ம் ஆண்டில் பிரிட்டிஷார் 'பாதுகாப்பு' என்ற பெயரால் ஏழு தீவுகளையும் ஏற்றுக்கொண்டு, 1864-ம் ஆண்டு வரையில் பாதுகாத்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் 21-ந் தேதி கார்பூ கிரீஸுடன் சேர்ந்தது.

இத்தனை எஜமானர்களும் ஆளுக்கொரு கட்டிடத்தை விட்டுப் போயிருக்கிறார்கள். ஆகையால் இங்கே தெருவில் நடப்பதே சரித்திரம் படிப்பதாகும். பழைய நகரத்தை 2007-ம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, கலாசார ஸ்தாபனம் உலகப் பாரம்பரிய இடங்களின் ஜாபிதாவில் சேர்த்தது.

பழைய கோட்டையும் மைதானமும்

முதல் நாள் காலையில் பழைய கோட்டைக்குப் போக வேண்டும். வெனிஸ்காரர்கள் பாறைக்கும் ஊருக்கும் நடுவே அகழி வெட்டிக் கடல் நீரைப் பாய்ச்சினார்கள். அந்த அகழியில் இன்று சிறு படகுகள் கட்டிக் கிடக்கின்றன. 1716-ம் ஆண்டில் துருக்கியர் பெரும் படையுடன் வந்து முற்றுகையிட்டபோது, வெனிஸின் சேவையில் இருந்த ஷூலன்பர்க் என்னும் ஜெர்மன் தளபதி இந்நகரைக் காத்தார். கோட்டைக்கு அருகில் அவருடைய சிலை நிற்கிறது. உச்சி வரையில் ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் ஊர் முழுவதும் காலடியில் விரிந்து கிடப்பதைக் கண்டதும் களைப்பு மறந்துபோகும்.

கோட்டைக்குள் பிரிட்டிஷார் தங்கள் பட்டாளத்துக்காக 1840-ம் ஆண்டில் கட்டிய தேவாலயம் இருக்கிறது. பழைய கிரேக்கக் கோயிலைப் போல் தூண்கள் நிறுத்திக் கட்டியிருக்கிறார்கள். இன்று அது கிரேக்கர்களுடைய வழிபாட்டு ஸ்தலம். பட்டாளம் தங்கிய கட்டிடத்தில் இப்போது பொது நூல் நிலையம் இருக்கிறது. இன்னொரு பகுதியில் ஐயோனியப் பல்கலைக் கழகத்தார் சங்கீதம் கற்பிக்கிறார்கள். பீரங்கி முழங்கிய இடத்தில் பிடில் ஒலியைக் கேட்டபடி நாம் சற்று நேரம் நின்றோம்.

கோட்டைக்கும் ஊருக்கும் நடுவில் உள்ள பெரிய திறந்த வெளிக்கு ஸ்பியனாதா என்று பெயர். எதிரி வந்தால் கோட்டையிலிருந்து தடையின்றிச் சுடுவதற்காக வெனிஸ்காரர்கள் இந்த இடத்தைக் காலியாக்கினார்கள். அதே காலியிடத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களும் கப்பற்படையினரும் 1823-ம் ஆண்டில் கிரிக்கெட் ஆடினார்கள். கிரீஸில் வேறெங்கும் வேரூன்றாத அந்த ஆட்டம் கார்பூவில் மட்டும் ஊன்றிவிட்டது. ஆட்டத்தை வைத்துக்கொண்டு ஆட்சியை அனுப்பிவிட்ட இந்த ஜனங்களிடம் நமக்கு உடனே ஒரு பந்து பாசம் ஏற்பட்டதில் ஆச்சரியமில்லை. ஆட்டம் பார்த்துக் களைத்தவர்களுக்கு 'ட்ஸிட்ஸிபீரா' என்ற இஞ்சிப் பானம் கிடைக்கும். அதுவும் அந்தக் காலத்துப் பிரிட்டிஷார் விட்டுப் போனதுதான்.

மைதானத்தின் தெற்குப் பக்கத்தில் தூண்கள் சூழ்ந்த வட்டமான மண்டபம் ஒன்று இருக்கிறது. அது முதல் ஹைகமிஷனரான மெயிட்லண்டின் ஞாபகார்த்தமாகக் கட்டியது. இலங்கையில் 1805 முதல் 1811 வரையில் கவர்னராக இருந்த அதே மெயிட்லண்டுதான். இவர் 1817-ம் ஆண்டில் ஐயோனியத் தீவுகளுக்கு ஓர் அரசியல் திட்டம் வகுத்துக் கொடுத்தார். அதில் ஸெனட் உண்டு, சட்டசபை உண்டு; பெட்டிச் சாவி மட்டும் ஹைகமிஷனரின் சட்டைப்பையில். நம் தேசத்தில் 1919-ம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் கதையைக் கேட்டவர்களுக்கு இந்த வேடிக்கை புதிதாக இராது.

மெயிட்லண்டின் பெயரைச் சொன்னால் பார்கா என்ற ஊரையும் சொல்லியாக வேண்டும். அது கார்பூவுக்கு எதிர்க் கரையில் உள்ள கிரேக்கப் பட்டணம். பிரிட்டிஷாரை நம்பித் தன்னை ஒப்படைத்துக்கொண்ட அந்த ஊரை, 1819-ம் ஆண்டில் அவர்கள் அலி பாஷாவிடம் 1,50,000 பவுனுக்குக் கைமாற்றிக் கொடுத்தார்கள். ஊர் ஜனங்கள் அன்னியன் கீழ் இருக்க மறுத்து, முன்னோர்களின் எலும்புகளைக் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்து எரித்து, சாம்பலையும் சாமி படங்களையும் எடுத்துக்கொண்டு கார்பூவுக்குக் கப்பலேறினார்கள். மெயிட்லண்டு மண்டபத்தின் அழகான தூண்களைப் பார்க்கும்போது நம் மனக்கண் முன் நின்றவை அந்தச் சாம்பல் பானைகளே.

நம் கவர்னரின் சிலை

மைதானத்தின் வடக்குக் கோடியில் ஹைகமிஷனரின் அரண்மனை இருக்கிறது. 1819-ல் ஆரம்பித்து 1824-ல் முடித்தார்கள். மால்ட்டாத் தீவிலிருந்து கல்லும் கல்தச்சர்களும் வந்தனர். பிரிட்டிஷார் 1818-ம் ஆண்டில் ஏற்படுத்திய 'ஸெயின்ட் மைக்கேல், ஸெயின்ட் ஜார்ஜ்' என்ற விருதுக்கும் இதுவே தலைமை ஸ்தானம். பிற்காலத்தில் குடியேற்ற நாடுகளை ஆண்ட அதிகாரிகள் பலருடைய மார்பில் பளபளத்த அந்தப் பதக்கம் பிறந்த வீடு இதுவென்று அறிந்துகொண்டோம்.

இன்று அரண்மனைக்குள் இருப்பது ஆசியக் கலைப் பொருட்காட்சி சாலை. கிரிகோரியோஸ் மானோஸ் என்னும் கிரேக்கத் தூதர் தம் சொத்தையெல்லாம் செலவிட்டுச் சேர்த்த சீன, ஜப்பானியக் கலைப் பொருள்கள் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றைத் தேசத்துக்குக் கொடுத்துவிட்டு, 1928-ம் ஆண்டில் அவர் ஏழையாக இறந்தார். பின்னர் இந்தியாவிலும் தூதராக இருந்த ஹட்ஜிவஸிலியூ என்பவர், 1974-ம் ஆண்டில் தம் சேகரிப்பைக் கொடுத்தார். அதனால் காந்தாரச் சிற்பங்களையும் இந்தியச் சிற்பங்களையும் இங்கே பார்க்கலாம். கிரேக்கச் சிற்பியின் கைவரிசையும் பாரதத்தின் புத்தரும் கூடிப் பிறந்தது காந்தாரக் கலை அல்லவா? அது ஒரு கிரேக்கத் தீவுக்கே திரும்பி வந்திருப்பதைக் கண்டபோது, தூர தேசத்தில் உறவினர் வீட்டைக் கண்டது போல் இருந்தது.

அரண்மனையின் முன்னால் ஒரு நீர்த் தொட்டி. அதற்கு மேல் வெண்கலத்தில் நிற்கிறார் ஸர் பிரடெரிக் ஆடம். வாட்டர்லூ யுத்தத்தில் ஒரு படைப் பிரிவை நடத்தியவர்; 1824 முதல் 1832 வரையில் இங்கே ஹைகமிஷனர்; பிறகு நம் சென்னைக்கு வந்தவர். அவர் காலத்தில்தான் தெற்கே உள்ள பெனிட்ஸெஸ் என்ற கிராமத்தின் ஊற்றுகளிலிருந்து கார்பூ நகரத்துக்குக் குடிநீர் கொண்டு வந்தார்கள். கோட்டை, மாளிகை, தோட்டம் எல்லாம் இருந்தும் குடிக்கத் தண்ணீருக்குத் திண்டாடிய ஊர் அது. ஆகையால்தான் அவருடைய சிலையின் அடியில் தண்ணீர்.

தொட்டிக்கு அருகிலிருந்த பெஞ்சியில் ஒரு வயோதிகர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் தெரிந்தவர். நாம் இந்தியாவிலிருந்து வந்திருப்பதை அறிந்ததும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவரிடம் கேட்டோம்:

"ஐயா! இவரும் இவருடைய கூட்டத்தாரும் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. இந்தச் சிலையை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்?"

"சிலையைச் செய்த சிற்பி எங்கள் ஊர்க்காரன்" என்றார் பெரியவர். பிறகு சற்று யோசித்துவிட்டு, "எங்கள் முன்னோர்கள் இவர் கொண்டு வந்த தண்ணீரைக் குடித்தார்கள். குடித்துவிட்டு, 'வந்தனம், போய் வாருங்கள்' என்று சொன்னார்கள். இரண்டும் உண்மைதானே? ஒன்றை ஏன் மறைக்க வேண்டும்?" என்றார்.

இதைக் காட்டிலும் பெரிய சரித்திரப் பாடத்தை நாம் இருபது வருஷ காலமாக எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடமும் பாட்டும்

மைதானத்தின் தென் கோடியில் ஐயோனியக் கலாசாலையின் கட்டிடம் இருக்கிறது. 1824-ம் ஆண்டில் இதை நிறுவியவர் கில்போர்டு பிரபு. அவர்தான் 1798 முதல் 1805 வரையில் இலங்கையை ஆண்ட பிரடெரிக் நார்த். கண்டியின் மேல் 1803-ல் படையனுப்பிப் பெருந்தோல்வி கண்டவர். ஆனால் கிரேக்கக் கல்வியின் மீது அளவற்ற காதல் கொண்டவர். கிரேக்க மக்களுக்கென்று ஏற்பட்ட முதல் பல்கலைக் கழகம் இதுவே. பழைய கிரேக்க ஆடையை உடுத்துக்கொண்டு கலாசாலைக்கு வருவாராம். அதைக் கண்டு அவருடைய நாட்டார் சிரித்தார்களாம். கிரேக்க மாணவர்கள் சிரிக்கவில்லை, படித்தார்கள். அக்கட்டிடம் 1943-ம் ஆண்டு செப்டம்பரில் ஜெர்மானியரின் குண்டுகளால் எரிந்தது. பிறகு அதைத் திரும்பக் கட்டினார்கள். கோட்டைக்கு அருகிலுள்ள தோட்டத்தில் கில்போர்டு பிரபுவின் சிலையைக் காணலாம்.

மைதானத்தின் மேற்கே வளைவு வளைவாக நீண்டு நிற்கும் கட்டிட வரிசைக்கு லிஸ்டன் என்று பெயர். பிரெஞ்சுக்காரர் தங்கள் இரண்டாவது ஆட்சியில் பாரிஸ் நகரத்து வீதியைப் பார்த்துக் கட்டியது. அப்போது இங்கே பிரெஞ்சு அதிகாரியாக இருந்தவர், ஸூயஸ் கால்வாயை வெட்டிய லெஸெப்ஸின் தந்தை. மாலையில் ஊர் முழுவதும் லிஸ்டனில் உலாவுகிறது. குழந்தைகள் ஓடுகின்றன, பெரியவர்கள் காப்பியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருகிறார்கள். காப்பி சாப்பிடுவதில் நம்மவர்களுக்கு இணை உண்டு என்பதை இங்கேதான் ஒப்புக்கொண்டோம்.

லிஸ்டனுக்குப் பின்புறம் குறுகலான சந்துகள். மேலே வீட்டுக்கு வீடு கொடி கட்டித் துணி உலர்த்தியிருக்கிறார்கள். சந்துகளில் வழி தவறினாலும் பாதகமில்லை. சிவப்புக் கலசம் வைத்த உயரமான மணிக்கூண்டைப் பார்த்து நடந்தால் புனித ஸ்பிரிடானின் கோயிலுக்கு வந்து சேரலாம். 1589-ம் ஆண்டில் கட்டிய இக்கோயிலில், வெள்ளிப் பேழைக்குள் அந்த மகானின் உடலைப் பாதுகாத்து வருகிறார்கள். 1716-ம் ஆண்டு முற்றுகையில் துருக்கியர் திரும்பிப் போனது அவர் அருளால்தான் என்பது ஜனங்களின் நம்பிக்கை. வருஷத்துக்கு நான்கு முறை அவரை ஊர்வலமாக எழுந்தருளச் செய்கிறார்கள். தெருவில் 'ஸ்பீரோ!' என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். பழனி அருகில் 'பழனிச்சாமி' என்று கூப்பிடுவது போலத்தான்.

இந்த ஊர்வலத்தின் பின்னே ஒரு கதை உண்டு. ஊர்வலத்தில் முன்பெல்லாம் பிரிட்டிஷ் பட்டாளத்து வாத்திய கோஷ்டி வாசிப்பது வழக்கம். ஒரு சமயம் அதிகாரிகள், கிரேக்கர்களின் மத ஊர்வலத்தில் பட்டாள வாத்தியம் கூடாதென்று நிறுத்தினார்கள். ஜனங்கள் மனுப் போட்டுக்கொண்டு காத்திருக்கவில்லை. 1840-ம் ஆண்டில் சொந்தமாக ஒரு சங்கீத சபையை ஏற்படுத்தி, ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் இலவசமாக வாத்தியம் கற்றுக் கொடுத்தார்கள். அதற்குத் தலைமை வகித்தவர் நிகொலாஸ் மாண்ட்ஸரோஸ். அந்தச் சபை இன்றும் இருக்கிறது. அதைப் பின்பற்றித் தீவின் கிராமங்களிலும் வாத்திய கோஷ்டிகள் பல ஏற்பட்டிருக்கின்றன. ஈஸ்டர் பண்டிகைக்குப் போகிறவர்கள் இவற்றை ஒரே இடத்தில் கேட்கலாம். பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மாடிகளிலிருந்து மண்பானைகளைத் தெருவில் போட்டு உடைக்கிறார்கள். தலையைக் காப்பாற்றிக்கொண்டு பார்க்க வேண்டிய காட்சி!

அங்கிருந்து கடலோரச் சாலைக்கு வந்தால் கவிஞர் டியோனிஸியோஸ் ஸொலொமோஸ் வாழ்ந்த வீடு இருக்கிறது. யுத்தத்தில் இடிந்து, பின்னர் திரும்பக் கட்டப்பட்டது. நாம் மிகுந்த நேரம் செலவிட்ட இடம் இதுதான். ஸொலொமோஸ் ஸாண்டே தீவில் பிறந்தவர். இத்தாலியில் படித்தவர். அக்காலத்தில் படித்தவர்களின் பாஷையும் கச்சேரி பாஷையும் இத்தாலியனே. அவரும் முதலில் இத்தாலியப் பாஷையில்தான் கவி பாடினார், பெயரும் கிடைத்தது. ஆனால் கிரீஸில் விடுதலைப் போர் மூண்டதும், சமையற்காரியும் படகுக்காரனும் பேசும் கிரேக்கத்தையே எடுத்துக்கொண்டார். 1823-ம் ஆண்டில் சுதந்திர தேவியைத் துதித்து 158 செய்யுள் கொண்ட பாடலை இயற்றினார். 1828-ல் கார்பூவுக்கு வந்து, 1857-ல் காலமாகும் வரையில் இங்கேயே வாழ்ந்தார். வாத்திய கோஷ்டி அமைத்த அதே மாண்ட்ஸரோஸ் அப்பாடலுக்கு மெட்டு அமைத்தார். தீவுகள் சேர்ந்த மறு வருஷம், 1865-ல், அதன் தொடக்கம் கிரீஸின் தேசிய கீதமாயிற்று.

பரபாஷையில் பேரெடுத்த ஒருவர் தாய்மொழிக்குத் திரும்பி வந்ததனால் ஒரு தேசத்துக்குப் பாட்டுக் கிடைத்தது. வீட்டை விட்டு வெளியே வரும்போது, "நம் குழந்தைகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்" என்றாள் இல்லாள். அதற்காகவே இதை எழுதுகிறோம்.

மறக்கக் கூடாத இடங்கள்

புதிய கோட்டைக்கு அருகில் யூதர்களின் பழைய குடியிருப்பு இருக்கிறது. ஒரு சிறிய யூதக் கோயில் மிஞ்சியிருக்கிறது. 1944-ம் ஆண்டு ஜூன் மாதம், ஜெர்மானியர் இத்தீவின் யூதர்களைப் பழைய கோட்டையின் அருகில் திரட்டி, ஏறக்குறைய 1,800 பேரை ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் மிகச் சிலரே. அருகில் உள்ள சதுக்கத்தில் அவர்களுக்காக ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அங்கே ஒரு நிமிஷம் மௌனமாக நிற்பது கடமை.

பழைய துறைமுகத்திலிருந்து படகில் சிறிது தூரத்தில் விடோ என்ற சிறு தீவு. முதல் உலக யுத்தத்தில் தாய்நாட்டை இழந்த ஸெர்பியச் சேனை, 1916-ம் ஆண்டு ஜனவரி முதற்கொண்டு பசியும் நோயுமாகக் கார்பூவில் வந்து இறங்கியது. நோயாளிகளை விடோவில் வைத்தார்கள். ஆயிரக் கணக்கில் இறந்தார்கள். புதைக்க இடமின்றிக் கடலில் விட்டார்கள். அந்தக் கடலில் நெடுங்காலம் மீன் பிடிக்க மாட்டோமென்று கார்பூ மீனவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டார்கள் என்று சொல்லுகிறார்கள். 1938-ம் ஆண்டில் எழுப்பிய நினைவு மண்டபம் விடோவில் இருக்கிறது.

நகரத்துக்குத் தெற்கே போக ஒரு நாள் ஒதுக்க வேண்டும். தொல்பொருள் காட்சி சாலையில், ஏறக்குறைய 2,600 ஆண்டுகளுக்கு முன் ஆர்ட்டெமிஸ் தேவியின் கோயில் முகப்பை அலங்கரித்த கார்கன் என்னும் அரக்கியின் சிற்பம் இருக்கிறது. பதினேழு மீட்டர் அகலமுள்ள முகப்பு. கோரைப் பல்லும் பாம்புக் கச்சையுமாக முழந்தாளிட்டு ஓடும் அவளைப் பார்த்தால், நம் ஊர்க் காவல் தெய்வங்களின் நினைவு வராமற் போகாது.

சற்றுத் தள்ளி மரங்களுக்கு நடுவே 'மோன் ரெப்போ' மாளிகை. ஸர் பிரடெரிக் ஆடம் தம் கார்பூ மனைவிக்காகக் கட்டியது. அனுபவிக்க அதிக நாள் கிடைக்கவில்லை. சென்னைக்குப் போக உத்தரவு வந்துவிட்டது. 1864-க்குப் பின் கிரேக்க அரசர்களின் மாளிகையாயிற்று. பிற்காலத்தில் எலிஸபெத் ராணியை மணந்த பிலிப் இளவரசர் 1921-ம் ஆண்டில் பிறந்தது இங்கேதான். இன்று அது காட்சி சாலை; தோட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள்.

இன்னும் தெற்கே கானோனி முனை. கீழே கடலில், நடைபாதை ஒன்றின் முடிவில் வெள்ளை நிறமான விளாகெர்னா மடம். அதற்கப்பால் ஸைப்பிரஸ் மரங்கள் அடர்ந்த 'எலித் தீவு'. கார்பூவின் படம் என்று பத்திரிகைகளில் வருவது பெரும்பாலும் இந்தக் காட்சிதான். ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தூரத்தில், ஆஸ்திரியச் சக்கரவர்த்தினி எலிஸபெத்துக்காக 1890-ம் ஆண்டை ஒட்டிக் கட்டிய அக்கிலியன் மாளிகை இருக்கிறது. அதை 1907-ல் ஜெர்மன் கெய்ஸர் வாங்கினார். பழுது பார்க்கும் வேலைக்காக மூடுவதுண்டு. விசாரித்துக்கொண்டு போவது நலம்.

பிரயாணத்துக்கு ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர் மாதமும் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் தாங்காது. குளிர் காலத்தில் நல்ல மழை. சைவ உணவுக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ரொட்டி, ஒலிவ எண்ணெய், பாலாடைக் கட்டி, அவரை வகைகள், கீரை வைத்துச் சுட்ட பணியாரம் எல்லாம் கிடைக்கும். 'கும்குவாட்' என்னும் குட்டி ஆரஞ்சில் செய்த மிட்டாயை வீட்டுக்கு வாங்கி வரலாம்.

பையனுக்கு விடை

திரும்புகிற நாளன்று கடைசி முறையாக ஆடமின் சிலைக்கு முன் நின்றோம். பிரிட்டிஷார் இந்தத் தீவுகளுக்குச் சாலை போட்டார்கள்; தண்ணீர் கொண்டு வந்தார்கள்; கலாசாலை வைத்தார்கள். 1849-ம் ஆண்டில் கெபலோனியாவில் ஜனங்கள் கிளர்ந்தபோது, ஸர் ஹென்றி வார்டு ராணுவச் சட்டம் போட்டுப் பலரைத் தூக்கிலிட்டார். பலரைக் கசையால் அடித்தார். பத்து வருஷங்களுக்குள் கிளாட்ஸ்டன் வந்து, புதிய சீர்திருத்தங்கள் தருகிறோம் என்றார். "சீர்திருத்தம் வேண்டாம், கிரீஸுடன் சேர்வதே வேண்டும்" என்று சட்டசபை சொல்லிவிட்டது. மெயிட்லண்டு பெயரளவில் கொடுத்த அதே சட்டசபைதான்! 1864-ல் பிரிட்டிஷார் போனார்கள். தர்ம சிந்தையினால் மட்டும் போகவில்லை. தங்களுக்கு இசைந்த அரசர் கிரீஸில் பட்டம் ஏற்றதும் ஒரு காரணம். போகும்போது விடோவின் கோட்டைகளை வெடி வைத்துத் தகர்த்துவிட்டுத்தான் போனார்கள்.

நமக்கும் சுயராஜ்யம் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் பழைய அணைக்கட்டையோ ரயில் பாதையையோ காட்டி, "அவர்கள் ஆட்சியிலேயே இருந்திருக்கலாம்" என்று பெருமூச்சு விடுகிறவர்களை இன்றும் பார்க்கிறோம். அவர்கள் கட்டிய கல்லைக் கண்டாலே கோபம் கொள்கிறவர்களையும் பார்க்கிறோம். இரு சாராரையும் கார்பூவின் அந்தப் பெஞ்சியில் ஒரு மணி நேரம் உட்கார வைக்கலாமென்று தோன்றியது. நல்ல தண்ணீருக்கு நன்றி சொல்வது மனுஷ தர்மம். அதற்கு விலையாகத் தன் வீட்டை எழுதிக் கொடுப்பது தர்மமல்ல.

ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பையனைப் பற்றி விசாரித்தோம். மேல் படிப்புக்காக வேறு ஊர் போய்விட்டானாம். 'நாளைக்குச் சொல்கிறேன்' என்று சொல்லிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. இந்தப் பத்திரிகை அவன் கண்ணில் பட்டால், உபாத்தியாயர் வாக்குத் தவறவில்லை என்று தெரிந்துகொள்வான்.